சட்டத்தில் ஓர் ஆணையர், அமைச்சருக்கு ஓர் ஆலோசகர்

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக அரசிடம் பேச இங்கிலாந்து-வேல்ஸில் ஓர் ஆணையர் உண்டு. நியூசிலாந்தில் தலைமை ஆலோசகர். ஒரே வேலை மாதிரி தெரியும். இல்லை.

ஆணையர் பதவி 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஆனால் முதல் ஆணையர் லூயிஸ் கேசி வந்தது 2010-இல்தான். சட்டம் இருந்தும் ஆறு வருடம் நாற்காலி காலி! 2022-இல் அப்போதைய ஆணையர் வீரா பேர்ட் அரசை வெளிப்படையாகக் குறை சொல்லிவிட்டு விலகினார். அப்புறமும் ஒரு வருடத்துக்கு மேல் யாரும் இல்லை. அடுத்து வந்த ஹெலன் நியூலவ் ஏற்கெனவே இந்தப் பதவியில் இருந்தவர். 2007-இல் கணவரைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். நீதிமன்றத்தில் குடும்பம் எந்த மூலையில் உட்கார வைக்கப்படும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நியூசிலாந்தில் 2015-இல் கிம் மெக்ரெகரோடு தொடங்கிய பதவிக்குத் தனிச் சட்டமே கிடையாது. நீதி அமைச்சருக்கு ஆலோசனை சொல்வதுதான் வேலை. அமைச்சரின் காதுக்குப் பக்கத்தில் இருப்பது வசதிதான், அவர் கேட்காவிட்டால்?

சரி, ‘என் வழக்கு இரண்டு வருடமாக நகரவில்லை’ என்று ஆணையருக்கு எழுதினால்? தனிப்பட்ட வழக்கில் அவர் தலையிட அந்த 2004-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டது. இருந்தாலும் என் ஓட்டு அவருக்குத்தான். விலகும்போது உரக்கப் பேசினாலும் பதவி சட்டத்தில் அப்படியே இருக்கிறதே.