கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு நேரம்? லிப்ரே ஆஃபிஸ் கால்க்: ஒரு மதிப்புரை

தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் உள்ள கண்டெய்னர் லாரி அலுவலகங்களில் டிரிப் ஷீட் எழுதாதவர் இல்லை. யார்டில் காலிப் பெட்டி எடுத்தது, தொழிற்சாலையில் சரக்கேற்றியது, துறைமுக வரிசையில் சேர்ந்தது, கேட்டுக்குள் நுழைந்தது, பெட்டியை இறக்கியது என எல்லா நேரமும் அதில் இருக்கும். ஆனால் அடுத்தடுத்த இரு கட்டங்களுக்கு இடையே போன நேரத்தைக் கணக்கிடாத வரை, வண்டி எங்கே முடங்குகிறது என்பது உரிமையாளருக்குத் தெரியாது. இந்தக் கணக்குக்கு, விலையின்றிக் கிடைக்கும் விரிதாள் மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் கால்க் முழுமையாகப் போதும் என்பது என் முடிவு.

கால்க் ஒரு நாளை 1 என்ற எண்ணாகவும், நேரத்தை அதன் பின்னமாகவும் வைத்துக்கொள்கிறது. ஆறு மணி நேரம் என்பது 0.25. ஆகவே பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தாலே இடைவெளி வந்துவிடும். தேதியையும் நேரத்தையும் விரிதாளின் ஒரே சிற்றறையில் (செல்) சேர்த்து எழுதுவது மட்டும் கட்டாயம். நேரத்தை மட்டும் எழுதிவிட்டு, நள்ளிரவைத் தாண்டும் வண்டிகளுக்கு, வகுத்த மீதியைத் தரும் 'மாட்' சூத்திரத்தால் ஈடுகட்டுவோர் உண்டு. அது 24 மணி நேரத்துக்குள்தான் செல்லும், 30 மணி நேரம் நின்ற வண்டியை 6 மணி நேரம் என்றே காட்டும். காட்சி வடிவத்திலும் மணிக்குறியை [HH]:MM என்று சதுர அடைப்புக்குள் இடாவிட்டால் இதே பிழை நேரும்.

கால்க்கில் நான் மிகவும் மதிக்கும் குணம், இந்தச் சதுர அடைப்பு வடிவத்தில் எதிர்மறை நேரத்தை மறைக்காமல் கழித்தல் குறியுடன் காட்டுவதுதான். எக்செல் தன் வழக்கமான 1900 தேதி முறையில் அந்த இடத்தை வெறும் வேலிக்குறிகளால் (####) நிரப்பிவிடும். கேட்டுக்குள் நுழைந்த நேரம் வரிசையில் சேர்ந்த நேரத்துக்கு முந்தையதாகப் பதிவாகியிருந்தால், எவ்வளவு தவறு என்பதே எந்தப் பதிவைத் திருத்த வேண்டும் என்று பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

ஒவ்வொரு கட்டமும் தனி வரிசையாக, பல வண்டிகள் கலந்து கிடக்கும் அட்டவணையில், நிபந்தனைக்குப் பொருந்துபவற்றுள் பெரிய மதிப்பைத் தரும் 'மேக்ஸ்இஃப்ஸ்' சூத்திரம் கைகொடுக்கும். அதே டிரிப் எண்ணுக்கு உரியவற்றுள், இந்த நேரத்துக்கு முந்தையவற்றில் பெரியதை எடுத்துக் கழிக்கச் சொன்னால், வரிசைப்படுத்தாமலே விடை கிடைக்கும். முதல் கட்டத்துக்கு முந்தையது இல்லாததால் சூத்திரம் சுழியத்தைத் தரும்; தேதியைக் கால்க் 1899 இறுதியிலிருந்து எண்ணிய நாட்களாக வைத்திருப்பதால், இடைவெளி 45,000 நாட்களைத் தாண்டி நிற்கும். நிபந்தனை பார்க்கும் 'இஃப்' சூத்திரம் கொண்டு அதை வெறுமையாக்க வேண்டும். வரிசைகள் பெருகும்போது இது மெதுவாகும் என்பதால், டிரிப் எண், நேரம் என்ற ஒழுங்கில் அடுக்கிவிட்டு, மேல் வரிசையில் அதே எண் இருந்தால் மட்டும் கழிக்கும் எளிய சூத்திரத்தையே பரிந்துரைப்பேன்.

குறை, தேதி அமைப்பில் இருக்கிறது. மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் 13/07/2025 வெறும் எழுத்தாகக் கிடக்கும். 03/07/2025 சத்தமில்லாமல் மார்ச் 7 ஆகிவிடும். கன்ட்ரோலுடன் எஃப்8 விசையை அழுத்தினால் எண்கள் நீலமாகவும் எழுத்துகள் கறுப்பாகவும் தெரிவதால் முதல் பிழை அகப்படும், இரண்டாவது அகப்படாது. பதிவைத் தொடங்கும் முன்பே அமைப்பை இந்திய ஆங்கிலத்துக்கோ தமிழுக்கோ மாற்றிவிடுங்கள்.

கட்டவாரியாகத் தொகுக்கும்போது சராசரியைவிட, நடுமதிப்பைத் தரும் 'மீடியன்' நம்பத்தக்கது. ஒரே ஒரு வண்டி பழுதாகி இரண்டு நாள் நின்றாலும் சராசரி குலைந்துவிடும், நடுமதிப்பு பெரும்பாலும் அசையாது.