ஜிப்ஸியின் குலுக்கல் குறைய எதில் பணம் போடலாம்: ஷாக்கிலா, பட்டையிலா, டயரிலா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் 1998 ஜிப்ஸி கிங் அத்தனையையும் சலிக்காமல் ஏறிவிடும். மேலே போய் இறங்கியதும் அம்மா மட்டும் இடுப்பில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். "வண்டிய விக்க வேண்டாம்ப்பா, அடுத்த தடவ நான் பஸ்ல வந்துடறேன்" என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன். மூன்று வருடமாக ஒவ்வொன்றாக மாட்டியும் கழற்றியும் பார்த்தாகிவிட்டது. நண்பர்களின் ஜிப்ஸிகளையும் கேட்டு வாங்கி அதே சாலையில் ஓட்டினேன். இதே வண்டியை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இந்த வண்டி ஏன் இப்படிக் குலுக்குகிறது என்பது புரிய வேண்டும். மாருதி 1985-இல் கொண்டுவந்த ஜிப்ஸி, சுசூகி எஸ்ஜே410-இன் நீள வடிவம். 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு 'கிங்' வந்தது. கடைசி வண்டி வரை நான்கு சக்கரத்துக்கும் கமான் பட்டைதான், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்புப் பட்டைகளே ஸ்பிரிங். வெறும் வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன். அதன் மேல் ஆளும் சாமானுமாக அரை டன் ஏறினாலும் தாங்கும்படி பட்டை போட்டிருக்கிறார்கள். ராணுவத்துக்கு அது சரி. நாமோ இரண்டு பேரும் ஒரு பையுமாகப் போகிறோம். பாரமே ஏறாத பட்டை வளையாமல் நிற்கிறது, அடி நேராக நம் முதுகுக்கு வருகிறது.

ஸ்பிரிங், வண்டியின் எடைக்கு எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அதன் ஆட்டம். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு ஒரு ஆட்டம். 6 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் நொடிக்கு இரண்டு. நாம் நடக்கும்போது உடம்பு நொடிக்கு ஒன்றரை, இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. அதை ஒட்டியோ அதைவிட மெதுவாகவோ இருக்கும் ஆட்டம் உடம்புக்குப் பழகியது. அதற்கு மேலே போகப் போக உதறல்.

இன்னொரு காரணம் உரசல். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்திக் கிடக்கின்றன. அவை நகர வேண்டுமென்றால் முதலில் அந்தப் பிடிப்பு விட வேண்டும். பெரிய பள்ளத்தில் விட்டுவிடும். ஆனால் சாலையில் சின்னச் சின்ன ஒட்டுகள் வரும்போது பட்டை அசையவே அசையாது. மொத்தக் கட்டும் ஒரே இரும்புத் துண்டாக நிற்கும். துருப்பிடித்த பழைய கட்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது. முன் பட்டையின் ஷாக்கிள் (பட்டை முனையை வண்டியோடு சேர்க்கும், ஆடக்கூடிய இணைப்பு) வண்டியின் முன்பக்கம் இருக்கிறது, பின்முனை அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீள்கிறது. நீளுவதற்கு இருக்கும் ஒரே வழி முன்பக்கம். ஆக, ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களும் மாட்டியிருக்கும் அச்சு) பின்வாங்குவதற்குப் பதிலாக மேட்டை நோக்கியே போய் மோதுகிறது. ஷாக்கிளைப் பின்னால் மாற்றும் கிட்களும் உண்டு. ஆனால் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வெல்டிங் வைக்க வேண்டும், முன் சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். வீட்டு வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

சரி, காசு இல்லாத வேலையிலிருந்து தொடங்கலாம். காற்று. டயர் கடையில் கார் மாதிரி நினைத்து 32, 35 பிஎஸ்ஐ அடித்துவிடுகிறார்கள். இவ்வளவு லேசான வண்டிக்கு அது அதிகம். கையேட்டில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அளவு என்பதையும் பாருங்கள். நான் செய்த அத்தனையிலும் ஐந்தே நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்தது இதில்தான்.

அடுத்தது புஷ், பட்டை முனையின் துளைக்குள் இருக்கும் ரப்பர் உருளை. பழைய ரப்பர் புஷ் வெடித்துப் போயிருந்தால் இரும்போடு இரும்பு இடிக்கும். புதியது போடும்போது ஒரு விஷயத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ஷாக்கிள் போல்ட்டை முழுசாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டி கட்டையாக ஓடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி, எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. என் வண்டியில் ஒரு பட்டறையில் தொங்கவிட்டே இறுக்கியிருந்தார்கள். தளர்த்தி மறுபடி இறுக்கியதிலேயே முன்பக்கம் இளகியது. பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும், ஆனால் ரப்பரைவிடக் கடினம். சொகுசுதான் நோக்கம் என்றால் ரப்பரே போதும்.

இனி உண்மையான போட்டி: ஷாக்கா, பட்டையா?

நானும் முதலில் கியாஸ் ஷாக்தான் (கியாஸ் அடைத்த ஷாக் அப்சார்பர்) வாங்கினேன். நல்ல பொருள்தான். நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது வண்டி மிதப்பது நின்றது, வளைவில் சாய்வும் அடங்கியது. ஆனால் ஊருக்குள் 30-இல் போகும்போது முன்பு இருந்ததைவிட முரடு. யோசித்தால் காரணம் எளிது. ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது, அடியை வாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. ஆடவே ஆடாத பட்டைக்கு இன்னும் அழுத்தமான ஷாக் போட்டால், ஏற்கெனவே அசையாததை இன்னும் இறுக்கிப் பிடித்தது போலாகிறது. உள்ளே இருக்கும் கியாஸ் அழுத்தமும் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். லேசான வண்டியில் அதுவும் தெரிகிறது. பழைய ஷாக் எண்ணெய் கசிந்து செத்துவிட்டதென்றால் சாதாரண ஹைட்ராலிக் ஷாக் போடுங்கள். கல்லும் மேடுமாக நீண்ட தூரம் வேகமாக ஓட்டுபவருக்குத்தான் கியாஸ் ஷாக். சூடு ஏறினாலும் அது தளராது. அதுவும் பட்டை வேலை முடிந்த பிறகு.

பட்டையில் மூன்று வழி உண்டு. இருக்கும் கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்வது, ஒரு பட்டையைக் கழற்றுவது, பாரபோலிக் பட்டைக்கு மாறுவது.

சுத்தம் செய்வதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, எனக்கோ அதில் நல்ல பலன் கிடைத்தது. கட்டைப் பிரித்தால் ஒவ்வொரு பட்டையின் முனையும் அதற்கு மேலுள்ள பட்டையில் குழி பறித்திருப்பது தெரியும். முனை அந்தக் குழியில் மாட்டிக்கொள்வதால்தான் பட்டை நழுவ மறுக்கிறது. துருவைச் சுரண்டி, முனைகளைத் தேய்த்து உருட்டி, முனையில் நைலான் துண்டு வைத்துக் கட்டினால் சின்ன ஒட்டுகளின் படபடப்பு நன்றாகக் குறைகிறது. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். இரண்டு வாரம் சுகமாக இருக்கும். அப்புறம் மண் ஒட்டி அரம் போலத் தேய்க்கும், ரப்பர் புஷ்ஷும் ஊறிக் கெடும்.

ஒரு பட்டையைக் கழற்றுவது மலிவு, பலனும் உடனே. ஒரே கனமுள்ள ஐந்து பட்டைகளில் ஒன்றை எடுத்தால் கடினம் ஐந்தில் ஒரு பங்கு போகும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இந்த வண்டியில் பட்டை வெறும் ஸ்பிரிங் இல்லை. ஆக்சிலை இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். பட்டை மெலிந்தால் பிரேக் அடிக்கும்போதும் முதல் கியரில் இழுக்கும்போதும் அது எஸ் வடிவில் முறுக்கும். மேலே உள்ள நீளமான மெயின் பட்டைக்கு அடுத்த இரண்டாம் பட்டையைத் தொடவே கூடாது. மெயின் முறிந்தால் துணைக்கு நிற்பது அது. எடுப்பதாக இருந்தால் கீழே உள்ள குட்டைப் பட்டைகளில் ஒன்று, அதுவும் வண்டியில் எப்போதும் இரண்டு பேர்தான் என்றால் மட்டும். குடும்பத்தோடு மலை ஏறி இறங்கும் வண்டியில் நான் இதைச் செய்ய மாட்டேன். நண்பர் ஒருவரின் வண்டியில் பின் ஆக்சில், அது அதிகம் மேலே வராமல் தடுக்கும் ஸ்டாப்பரில் இடித்த இடியை நான் உட்கார்ந்து அனுபவித்திருக்கிறேன்.

பாரபோலிக்தான் என் தேர்வு. நடுவில் தடிமனாகவும் முனை நோக்கி மெலிந்தும் போகும் ஒன்றிரண்டு பட்டைகள். நடுவிலும் முனையிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடும், இடையில் இடைவெளி. உரசல் பெரும்பாலும் போய்விடுகிறது. வால்பாறைச் சாலையின் ஒட்டுப்போட்ட தாரில், காபி டம்ளர் கையில் இருந்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு வித்தியாசம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய கட்டில் உரசலே பாதி ஷாக் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது போனதும் செத்த ஷாக் உடனே காட்டிக்கொடுக்கும். என் கியாஸ் ஷாக் அர்த்தமுள்ளதாக ஆனது அப்போதுதான். மற்றது, பட்டையின் சுமைத் தரம். உயரம் கூடும் என்ற ஆசையில் கனச் சுமைக்கான செட்டை வாங்கினால் பழைய குலுக்கலே புதிய விலையில் வந்து சேரும். கூட்டிப் போகும் ஆட்களைக் கணக்கிட்டு லேசானதையே வாங்குங்கள். மாட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும்.

உயரத்துக்காக முன்பக்கம் நீள ஷாக்கிள் போடுபவர்களும் உண்டு. ஸ்டியரிங்கை நேராக நிறுத்தும் கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலையும். வேண்டாம்.

டயரில் நிறையச் சொல்லத் தேவையில்லை. கம்பெனி அளவான 205/70 ஆர்15-இலிருந்து 215/75-க்குப் போனால் பக்கச்சுவர் ஏறத்தாழ 143 மில்லிமீட்டரிலிருந்து 161 ஆகிறது; அவ்வளவு காற்று மெத்தை கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 63. 235/75 போட்டால் வித்தியாசம் பத்து சதவீதத்தை நெருங்கும், டயரின் எடையும் கூடும், உரசாமல் இருக்க உடம்பை வெட்டவோ உயர்த்தவோ நேரும். சேற்றுக்கான மட் டெரெய்ன் டயரின் தடித்த பக்கச்சுவர் சொகுசுக்கு எதிரி. வாரம் முழுக்கத் தாரில் ஓடி மாதம் ஒருமுறை எஸ்டேட் மண்ணுக்குப் போகிறவருக்கு, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்னே அதிகம்.

காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றும் ஆசை எனக்கும் இருந்தது. இதே குடும்பத்து ஜிம்னி 1995-இலேயே காயிலுக்கு மாறிவிட்டது. 2023-இல் இந்தியாவில் வந்ததும் அப்படியே. ஓட்டினால் மனசு போகத்தான் செய்யும். ஆனால் பட்டையை எடுத்தால் ஆக்சிலைப் பிடிக்க ஆர்ம்களும் குறுக்குக் கம்பியும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சேஸிஸில் வெல்டிங். ஒரு வெல்டிங் விட்டாலும் ஆக்சில் போகிற போக்கில் போகும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. பழைய வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் அது குறுக்கே வரும். அந்தப் பணத்துக்குப் பழைய ஜிப்ஸியை அதன் போக்கில் நன்றாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, உட்காரும் இடம். பின்னால் உள்ள பக்கவாட்டு பெஞ்ச் கிட்டத்தட்ட ஆக்சிலுக்கு மேலேயே இருக்கிறது. 2,375 மில்லிமீட்டர் வீல்பேஸ் வண்டி முன்னும் பின்னும் தூக்கிப் போடும்போது அதிகம் வாங்குவது அங்கே இருப்பவர்தான். அம்மா இத்தனை வருடமும் அங்கேதான் உட்கார்ந்து வந்தார், காலை நீட்டிக்கொள்ளலாம் என்று. இப்போது முன் சீட்டில், தட்டையாகிப் போன பழைய ஃபோமை எடுத்துவிட்டு அடர்த்தியான புது ஃபோம் போட்டு, இடுப்புக்குச் சின்ன மேடு வைத்துத் தைத்திருக்கிறேன். போன மாதம் சோலையாறு அணை வரை வந்தார். திரும்பும்போது அட்டகட்டிப் பக்கம் தூங்கிவிட்டார்.