சோளகத்தில் லேசர்: பெரிய பாயா, சின்னப் பாயா?

மே மாதம் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் கல்கிசைக் கடலில் லேசரை, அதாவது ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்ப்படகை, இறக்க எனக்கு மனம் வராது. காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கவிழ்ந்தால் அலையே படகைத் தூக்கி மணலில் மோதிவிடும். அப்புறம் செப்டெம்பர் வரை பொல்கொடை வாவிதான். அங்கே அலை சிறிது, ஆனால் காற்று ஒரே சீராக வராது, கரை மரங்களைத் தாண்டித் திடீரென்று வந்து விழும்.

லேசரில் ஒரே படகுடலுக்கு 7.06 சதுர மீற்றர் பாயும் போடலாம், 5.76 பாயும் போடலாம். மாறுவது பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும்தான்.

பெரிய பாயே போதும், காற்று கூடினால் பாய்க்கயிற்றை விட்டுக்கொடு என்பார்கள் பழகியவர்கள். 80 கிலோ ஆளுக்குச் சரி. நான் 62 கிலோ. காற்று 10 நொட்டிலிருந்து (நொட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) 14 ஆனாலே பாயில் விழும் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 20 ஆனால் நான்கு மடங்கு. விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் பாய் படபடத்து வேகம் செத்துவிடும், வேகம் இல்லாமல் திரும்பப் போனால் படகு காற்றுக்கு முகம் கொடுத்து அப்படியே நின்றுவிடும். கயிற்றை விடத் தாமதித்தாலோ படகு சரிந்து, சுக்கானை எவ்வளவு இழுத்தாலும் கேளாமல் காற்றுப்பக்கம் திரும்பும். போன ஓகஸ்டில் ஒரே காலையில் இப்படி இரண்டு தரம் கவிழ்ந்தேன். இரண்டாம் தரம் படகை நிமிர்த்தி ஏறும்போது முன்கையில் பலமே இல்லை. பூமை, அதாவது பாயின் அடியில் கிடக்கும் கட்டையை, கீழே இழுக்கும் வாங் என்ற கயிற்றை இறுக்கினால் பாய் தட்டையாகும், உண்மை, ஆனால் அதே இறுக்கத்தோடு காற்றோட்டத்தில், அதாவது காற்று போகும் திசையில், இறங்கினால் பூம் முனை தண்ணீரைத் தொட்டுக் கவிழ்க்கும்.

சின்னப் பாயில் நட்டம் ஒன்று: காற்று தணிந்ததும் படகு ஊரும். போட்டி என்றால் அது வலிக்கும். ஆனால் திடீர்க் காற்று வந்து விழும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது, அதற்காகவே நான் இதைத்தான் எடுப்பேன்.

சின்னப் பாய் கைவசம் இல்லாவிட்டால், கரையிலேயே பூமைக் கழற்றிப் பாயை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றலாம். வடிவம் கெடும், வீடு வந்து சேர அது போதும்.

காற்றோட்டத்தில் திரும்ப ஜைப் செய்வதா (படகின் பின்பக்கம் காற்றைக் கடக்கத் திருப்புவது), சுற்றி வந்து டேக் போடுவதா (முன்பக்கம் காற்றைக் கடக்கத் திருப்புவது)? பலத்த காற்றில் டேக்தான், கொஞ்சம் தூரம் போனாலும் பூம் தலைக்கு மேலால் வீசி அடிக்காது.

வாவியில் அங்கங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால், என் எடைக்காரர்கள் கரையிலேயே சின்னப் பாயைக் கட்டிவிடுங்கள். இறங்கிய பிறகு மாற்ற முடியாது.