பேனல்-சிம்பிள்: திரையின் இயல்பைக் கெர்னலுக்குச் சொல்லும் டிரைவர் குறித்து ஒரு மதிப்புரை

எச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கும் மானிட்டர் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதனுள் இருக்கும் இடிஐடி எனும் தகவல் தொகுதியின் முதல் 128 பைட்டுகளைப் படித்தாலே அதன் அளவும் அது ஏற்கும் காட்சி முறைகளும் தெரிந்துவிடும். கணினி உள்ளே பொதிந்திருக்கும் உட்பொதி கருவிகளில் பொருத்தப்படும் சாதாரண டிஎஃப்டி பேனல்களில் (வெறும் எல்சிடி திரைகளில்) பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி கிடையாது. பட்டைக் கேபிள் வழியாக நிறத்தரவும் கிளாக் எனும் நேரத்துடிப்பும் மின்சாரமும் உள்ளே போகின்றனவே தவிர, பேனலைப் பற்றிய செய்தி எதுவும் வெளியே வருவதில்லை. ஆகவே அதன் இயல்புகளை ஒருவர் எங்காவது எழுதி வைத்தே ஆக வேண்டும். எங்கே, எந்த வடிவில் எழுதுவது என்ற கேள்விக்கு இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் தரும் விடை, வன்பொருளை விவரிக்கும் தரவுக் கோப்பான டிவைஸ் ட்ரீயும், அதைப் படித்துத் திரையை இயக்கும் மென்பொருளான பேனல்-சிம்பிள் டிரைவரும் ஆகும்.

ஏஆர்எம் வகைச் செயலி கொண்ட மின்சுற்றுப் பலகைகளில் டிவைஸ் ட்ரீ வேரூன்றுவதற்கு முன்பு, ஒவ்வொரு பலகைக்கும் கெர்னலுக்குள் தனியாக ஒரு சி மொழி நிரல் கோப்பு இருந்தது. திரையின் எண்களும் அதற்குள்ளேயே புதைந்து கிடந்தன. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைக் கடுமையாகக் கண்டித்த பிறகே வன்பொருள் விவரிப்பு கெர்னலைவிட்டு வெளியே நகர்ந்தது. ஆனால் 2013இல் என்விடியாவில் எழுதப்பட்ட பேனல்-சிம்பிள், அந்த நகர்வை முழுமையாகப் பின்பற்றவில்லை. டிவைஸ் ட்ரீயில் பேனலின் தயாரிப்பாளர் பெயரையும் மாடல் பெயரையும் மட்டும் எழுதச் சொல்லி, எண்களை டிரைவருக்குள் இருக்கும் அட்டவணையில் வைத்துக்கொண்டது. முதல் பார்வையில் பழைய பழக்கத்துக்கே திரும்புவதுபோலத் தோன்றும் இந்த முடிவுதான் இதன் ஆகச் சிறந்த அம்சம் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைச் சொல்வதற்கு முன், எண்களை நாமே எழுத நேரும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

800×480 அளவுள்ள 7 அங்குலப் பேனலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிக்கும், ஒவ்வொரு சட்டகத்துக்கும் (முழுப் படத்துக்கும்) படப்புள்ளிகளுக்கு அப்பால் வெற்று நேரம் உண்டு: புள்ளிகள் முடிந்ததும் முன் இடைவெளி, பிறகு அடுத்ததன் தொடக்கத்தை அறிவிக்கும் சிங்க் துடிப்பு, பிறகு பின் இடைவெளி. இந்த வகையின் டேட்டாஷீட்களில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்களில்) கிடைமட்ட முன் இடைவெளி 210, கிடைமட்ட பிளாங்கிங் 46, செங்குத்து முன் இடைவெளி 22, செங்குத்து பிளாங்கிங் 23, புள்ளிகளை அனுப்பும் வேகமான பிக்செல் கிளாக் ஏறத்தாழ 33.3 மெகாஹெர்ட்ஸ் என்ற எண்களை அடிக்கடி காணலாம். ஒரு வரிக்கு 1056 கிளாக், ஒரு சட்டகத்துக்கு 525 வரி என்று கூட்டிப் பெருக்கினால், நொடிக்கு 60 சட்டகம் சரியாக வருகிறது. அப்படி வருவதிலிருந்தே, 46 என்ற எண்ணுக்குள் சிங்க் துடிப்பின் நீளமும் அடங்கியிருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். டிவைஸ் ட்ரீயின் பேனல்-டைமிங் பகுதியோ சிங்க் நீளத்தையும் பின் இடைவெளியையும் தனித்தனியாகக் கேட்கிறது. டேட்டாஷீட்டின் 46ஐ அப்படியே பின் இடைவெளியாக எழுதி, அதற்கு மேல் சிங்க் நீளமாக 20ஐயும், செங்குத்தில் 23க்கு மேல் 10ஐயும் சேர்த்தால், மொத்தம் 1076க்கு 535 ஆகி, அதே கிளாக்கில் வேகம் 57.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். படம் வரும், பெரும்பாலும் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஆனால் எழுதப்பட்ட விவரிப்பு அந்தப் பேனலுடையது அல்ல. அதே விவரிப்பை அடுத்த பலகைக்கு நகலெடுக்கிறவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறார்.

கிளாக்கின் விளிம்பை, அதாவது துடிப்பு ஏறும் அல்லது இறங்கும் கணத்தை, குறிக்கும் பண்பு இதைவிட வழுக்கலானது. எந்த விளிம்பில் தான் தரவை வாசிக்கும் என்று பேனலின் டேட்டாஷீட் சொல்கிறது. எந்த விளிம்பில் பலகையின் காட்சிக் கட்டுப்படுத்தி தரவை வெளியிட வேண்டும் என்று டிவைஸ் ட்ரீயின் பண்பு கேட்கிறது. ஆகவே டேட்டாஷீட்டில் இறங்குவிளிம்பு என்றிருந்தால், இங்கே ஏறுவிளிம்பைக் குறிக்கும் 1ஐ எழுத வேண்டும். மாற்றி எழுதினாலும் படம் தெரியவே செய்யும். நிறங்கள் சந்திக்கும் ஓரங்களில் மட்டும் புள்ளிகள் மினுங்கும். அதுவும் கேபிளின் நீளத்தையும் பலகையின் சூட்டையும் பொறுத்து வந்துபோகும் என்பதால், குறை கேபிளில் இருப்பதாக நம்பி அலைய நேரும். இந்தக் குழப்பம் கெர்னலை எழுதுபவர்களுக்கே இருந்தது. பின்னாளில் கெர்னலின் உள் கொடிகளுக்கு (அமைப்புக் குறிகளுக்கு), வெளியிடும் விளிம்பு என்றும் வாசிக்கும் விளிம்பு என்றும் தனித்தனிப் பெயர்கள் சூட்டி இதைத் தெளிவுபடுத்தினார்கள். அந்தத் திருத்தத்தை மனமாரப் பாராட்டுகிறேன்.

இப்போது, பெயரை மட்டும் கேட்கும் முறையின் வலிமைக்கு வருகிறேன். ஒரு பேனலின் இயல்பு அதன் டைமிங் எண்களோடு முடிந்துவிடுவதில்லை. மின்சாரம் கொடுத்த பின் தரவு அனுப்ப எவ்வளவு காத்திருக்க வேண்டும், தரவு வரத் தொடங்கிய பின் முதல் நல்ல சட்டகம் தெரிய எவ்வளவு நேரமாகும், அணைக்கும்போது இதே படிகளை எந்த இடைவெளிகளோடு பின்னோக்கி எடுக்க வேண்டும் என்பவையும் இயல்புகளே. பேனல்-சிம்பிளின் அட்டவணையில் இந்த நான்கு தாமதங்களுக்கும் மில்லிநொடியில் இடம் உண்டு. முதல் நல்ல சட்டகம் வந்த பிறகே பேக்லைட் எரியும். கருவியை இயக்கியதும் ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிடும் திரைகள் பலவற்றில் தவறியிருப்பது இந்த வரிசைதான். தயாரிப்பாளர் விதித்த மின்வரிசையைத் தொடர்ந்து மீறினால் பேனலின் ஆயுளும் குறையக்கூடும்.

அட்டவணையில் இல்லாத பேனல்களுக்காக 2020இல் பேனல்-டிபிஐ என்ற பொதுப் பெயர் சேர்க்கப்பட்டது. மாடல் பெயர்கூட அச்சிடப்படாமல் கடைகளில் கிடைக்கும் திரைகளை வைத்து முன்மாதிரி செய்பவர்களுக்கு இது பெரும் உதவி. எண்களை டிவைஸ் ட்ரீயில் எழுதினால் போதும். கெர்னலைத் திரும்பத் தொகுக்க வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை எனும் சிறு கணினியைப் பயன்படுத்துவோருக்கு இதே வசதி, டிவைஸ் ட்ரீயின் மேல் சேர்க்கும் துணைக்கோப்பான ஓர் ஓவர்லேயாகக் கிடைக்கிறது, இடைவெளிகளை ஒரே அமைப்புக் கோப்பில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆனால் மேலே சொன்ன நான்கு தாமதங்களில் ஒன்றைக்கூட பேனல்-டிபிஐயிடம் சொல்ல வழியில்லை. விற்பனைக்குச் செல்லும் கருவியில் இதை அப்படியே விட்டுவைப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

2019இல் வந்த இன்னொரு வசதி என்னை மிகவும் கவர்ந்தது. பலகையால் பேனல் கேட்கும் கிளாக்கைத் துல்லியமாக உருவாக்க முடியாதபோது, டிவைஸ் ட்ரீயில் மாற்று டைமிங் ஒன்றை எழுதலாம். அந்த மாற்று, அட்டவணையில் அந்தப் பேனலுக்குக் குறைந்தபட்சம், வழக்கமானது, அதிகபட்சம் என்று கொடுத்திருக்கும் எல்லைகளுக்குள் இருந்தால் மட்டுமே டிரைவர் அதை ஏற்கும். ஒரே ஓர் எண்ணை மட்டும் பதிந்துவைத்த பேனலுக்கு மறுத்துவிடும். ஆகவே புதிய பேனலை அட்டவணையில் சேர்க்கிறவர்கள், டேட்டாஷீட்டின் மூன்று நெடுவரிசைகளையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்றும் பல பதிவுகளில் நடு நெடுவரிசை மட்டுமே இருக்கிறது.

எல்விடிஎஸ் எனும் முறையில் கம்பி இணைகள் வழியாகத் தரவு பெறும் பேனல்களுக்குத் தனி டிரைவர் உண்டு. அங்கே கவனிக்க வேண்டியது தரவு அடுக்குமுறை ஒன்றுதான். 24 பிட்டில் நான்காவது இணையில் ஜெய்டா முறை ஒவ்வொரு நிறத்தின் மதிப்பு குறைந்த கடைசி இரண்டு பிட்டுகளை அனுப்புகிறது. வெசா முறை மதிப்பு மிகுந்த முதல் இரண்டை அனுப்புகிறது. மாறிப்போனால் நிறச்சாய்வுகள் படிக்கட்டாக உடைந்து தெரியும் என்பதால், முதல் நாளே கண்டுபிடித்துவிடலாம்.

குறைகளில் முக்கியமானது சரிபார்ப்பு. டிவைஸ் ட்ரீ விவரிப்புகள் இப்போது யாமல் எனும் உரை வடிவில் எழுதிய விதிகளால் சோதிக்கப்படுகின்றன. பண்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் சோதனை பிடித்துவிடும். 210க்குப் பதிலாக 21 என்று எழுதினால் பிடிக்காது. கிளாக்கை மொத்தப் புள்ளிகளால் வகுத்துக் கிடைக்கும் வேகத்தை, இயங்கத் தொடங்கும்போதே கெர்னல் பதிவில் ஒரு வரியாக அச்சிட்டால்கூட பாதிப் பிழைகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும். அதுவரை அந்த வகுத்தலை நாமே தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

கைபேசித் திரைகளில் வழங்கும் எம்ஐபிஐ டிஎஸ்ஐ இணைப்புள்ள பேனல் வாங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் இந்த டிரைவரைத் தேடி வர வேண்டாம். அவற்றில் பலவற்றுக்கு, படம் அனுப்பும் முன்னர் தயாரிப்பாளர் வகுத்த நீண்ட கட்டளை வரிசை ஒன்றை அனுப்பியாக வேண்டும். அது எந்தப் பண்பிலும் அடங்காது. வாங்கும் முன்பே பேனலுக்குள் இருக்கும் கட்டுப்படுத்திச் சில்லுக்குக் கெர்னலில் தனி டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கட்டளை வரிசையை எழுத்தில் தரச் சம்மதிக்கும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.