அப்பாவின் தோக்கா, ஏர் ரைபிளா?

அப்பாவுக்கு எழுபது முடிந்ததும் வீட்டில் ஒரு கேள்வி வந்தது. தோக்கை (எங்கள் ஊர்ப் பேச்சில் துப்பாக்கி) என் பெயருக்கு மாற்றுவதா, வேண்டாமா? லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றித்தரச் சொல்லி விண்ணப்பிக்க 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. குறி பார்த்துச் சுடும் ஆசை எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. ஆனாலும் ஆறு மாதம் யோசித்து, கடைசியில் காற்றழுத்தத்தில் ஈயக்குண்டு சுடும் ஏர் ரைபிள்தான் வாங்கினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது குழலின் வாய் வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கும் ஒற்றைக்குழல். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குக் கிழக்கே வாழையும் மரச்சீனியும் போட்டிருந்த காலத்தில், பன்னி விரட்ட அப்பா பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்தார். குண்டு போட மாட்டார். மருந்தும் தேங்காய்த் தும்பும் மட்டும்தான். ஒரு வெடி வெடித்தால் கோயில் கதினா வெடி மாதிரி மலை வரைக்கும் போய்த் திரும்பும். அந்தப் புகையும் கந்தக வாசனையும் எந்த ஏர் ரைபிளிலும் கிடைக்காது. அதை மறைக்க விரும்பவில்லை.

சட்டம், வயது இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையதைப் போல, கேப் என்ற சின்ன வெடிமூடியால் மருந்தைப் பற்றவைக்கும் துப்பாக்கியானாலும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், 21 வயது ஆக வேண்டும், கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். ஆனால் நான் முடிவெடுத்தது இதை வைத்து அல்ல. லைசென்ஸுக்கு எப்போதாவதுதான் அலைய வேண்டும். பராமரிப்பு அப்படியில்லை.

எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். குழலின் உள்ளே படியும் அந்தக் கரியில் உப்புகள் இருக்கின்றன. காற்றில் இருக்கும் ஈரத்தை அவை இழுத்து வைத்துக்கொள்ளும். வறண்ட ஊர்க்காரர் அடுத்த நாள் காலையில் கழுவினால் ஒருவேளை தப்பிக்கலாம். நமக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. நம் மாவட்டத்தில் இரும்பு காய்ந்திருக்கும் மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் சுட்ட அன்றைக்கே கழுவியாக வேண்டும்.

அப்பா கழுவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இராத்திரி எத்தனை மணிக்குத் தோட்டத்திலிருந்து வந்தாலும் முதலில் என்னிடம் கேட்பது, “வென்னி கிடக்கா மக்ளே?” குழலைக் கழற்றி அடிப்பக்கத்தை வாளிக்குள் நிறுத்துவார். கம்பியில் துணி சுற்றி, சோப்புத்தண்ணீர் விட்டு மேலும் கீழும் இழுப்பார். முதல் தண்ணீர் மையாக வரும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். மூன்றாவது வாளியில் தெளியும். கடைசியாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவது கழுவுவதற்காக இல்லை. குழல் சூடேறி உள்ளே தானாக உலர்வதற்காக. சூடு ஆறுவதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுவார். இதெல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். மறுநாள் வெள்ளைத் துணி விட்டுப் பார்த்து, செம்மண் நிறம் ஒட்டியிருந்தால் மறுபடி எண்ணெய். ஓர் ஐப்பசியில் காய்ச்சலில் படுத்தவர் இரண்டு நாள் கழுவவில்லை. கேப் மாட்டும் முனையின் அடியில் அன்று விழுந்த குழி இன்றும் இருக்கிறது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக் கணக்கில் நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும், எண்ணெய் போட முடியாது. ஒரு முறை திரும்பி வந்தபோது குழலின் வாய் ஓரத்தில் துரு பூத்திருந்தது. அதைத் தேய்த்து எடுக்க அப்பாவுக்கு ஒரு வாரம் ஆனது. இவ்வளவும் செய்ய ஒருவருக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காலை எட்டரைக்கு நாகர்கோவில் பஸ் பிடிக்கும் எனக்கு இல்லை.

என் ஏர் ரைபிளுக்கு வாரம் ஒரு முறை வெளியே எண்ணெய்த் துணி, எப்போதாவது குழலுக்குள் ஒரு துணி உருண்டை. அவ்வளவுதான். வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருந்துத் துப்பாக்கியின் மேல் மனசு இருந்தால் ஸ்பிரிங் காற்றைத் தள்ளிச் சுடும் ரைபிளையே எடுங்கள். காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டர் ரைபிள் அசையாமல் சுடும், குறியும் துல்லியம். ஆனால் போட்டித் தரத்தில் விலை ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். ஸ்பிரிங் ரைபிளில் ஈயக்குண்டு வாயை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் உதறும். விசையை அழுத்திய பிறகும் உடம்பு அப்படியே நிற்காவிட்டால் குறி போய்விடும். கேப் வெடித்து மருந்து பற்றும் அந்தக் கண நேரத்துக்கும் இதே பொறுமைதான் வேண்டும். அப்பாவின் கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். சிலிண்டர் ரைபிளை இரண்டு முறைதான் தொட்டிருக்கிறேன், அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் பேசவில்லை. குழலுக்குள் வரி வெட்டிய அசல் மருந்து ரைபிளையும் நான் சுட்டதில்லை. எங்களுடையது வழுவழுப்பான குழல்.

அடுத்து, கூட்டாளிகள். அமெரிக்காவில் 1933-லிருந்து மருந்து ரைபிளுக்கென்றே தேசியச் சங்கம் இருக்கிறது. உலகப் போட்டியில் அரை மணி நேரத்தில் 13 வெடி, அதில் சிறந்த பத்துக்குத்தான் மதிப்பெண். ஒவ்வொரு வெடிக்கும் மருந்து அளந்து இடிக்க வேண்டும் அல்லவா! படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. இங்கே எனக்குத் தெரிந்த லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் அப்பா வயதுக்காரர்கள். பன்னியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், காகிதக் குறியைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அப்பா மருந்து வாங்கிய கடையும் மூடியாயிற்று.

ஏர் ரைபிள் என்றால் ஆள் கிடைக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் போனது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய வட்டியூர்க்காவு ரேஞ்ச் திருவனந்தபுரத்தில், பஸ் தூரத்தில் இருக்கிறது. முதலில் அங்கே போய் ஒரு நாள் முழுக்கச் சும்மா நின்று பாருங்கள். அப்புறம் மாநிலச் சங்கத்தில் இணைந்த ரைபிள் கிளப் ஒன்றில் உறுப்பினராகுங்கள். போட்டிக்குப் போகிற வழி அதுதான். வீட்டில் சுடுவதானால் குறிக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத கனமான சுவர் வேண்டும். நாங்கள் ரப்பர் ஷீட் காயப்போடும் பழைய கொட்டகையில் பத்து மீட்டர் அளந்து வைத்திருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் என் கூட நின்று சுடுகிறாள். குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். போன மாதம் அவள்தான் முதலில் தொட்டாள். கொக்கு, புறா என்று எதன் மேலும் இதைத் திருப்பாதீர்கள். தேரூர்க் குளத்துப் பறவைகள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அதைவிட, அவை நம் ஊருக்கு வந்த விருந்தாளிகள்.

வீட்டில் பழைய தோக்கு இருக்கிறவர்களுக்கு ஒன்று. ஆசைக்கு ஒரு தடவை என்று மருந்து இடித்துவிட வேண்டாம். உள்ளே துரு தின்ற குழல் வெளியே பளபளவென்று இருக்கும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகுதான் எதுவும். எங்கள் தோக்கு இப்போதைக்கு அப்பா பெயரிலேயே இருக்கிறது. இந்த லைசென்ஸ் காலம் முடிந்ததும் முறைப்படி ஒப்படைத்துவிடுவதாக அப்பாவே சொல்லிவிட்டார். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் அவரே எண்ணெய் போடுகிறார்.