ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் கிட்: தண்ணி துப்புற அம்பாசடருக்கு வாங்கினது

பெட்டிக்குள்ள காத்தடிச்சு லீக் இருக்கான்னு பாக்க கேஜ் வச்ச கை பம்ப் ஒண்ணு, ரேடியேட்டர் வாயில மாட்ட சில அடாப்டர், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதுக்கு மேல உள்ள ஹெட்டுக்கும் நடுவுல இருக்க சீல்) போயிருக்கான்னு பாக்குற ஒரு பிளாஸ்டிக் குழாய், அதுக்கு ஒரு சின்ன பாட்டில் நீல திரவம். ஆன்லைன்ல மூணாயிரத்துக்கு உள்ளதான் வந்துச்சு.

வண்டி அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல், 1489 சிசி. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தினா ஓவர்ஃப்ளோ பைப்ல தண்ணி ரோட்டுக்கு போகும், ரிசர்வ் டப்பா இல்லாததால போனது போனதுதான், அடுத்த ஓட்டத்துல டெம்பரேச்சர் முள்ளு இன்னும் மேல ஏறும். ஒரு மெக்கானிக் ஹெட்டை இறக்கணும்னாரு, இன்னொருத்தர் ரேடியேட்டர் கோர் (தண்ணி ஓடி ஆறுற நடு பாகம்) மாத்துங்கன்னாரு, மூணாவது ஆள் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணி ஓட்டத்த திறந்து மூடுற வால்வு) கழட்டி வீசிருங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குன்னாரு (இத சொல்லாத ஆளே இல்ல).

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க. கழுத்து வரைக்கும் ரொப்பி வச்சா சூட்டுல தண்ணி விரிஞ்சு கொஞ்சம் வெளிய வரத்தான் செய்யும், ஒரு இன்ச் கீழ போய் நின்னுக்கும், அது ரிப்பேரே இல்ல. அதுக்கப்புறமும் குறைஞ்சுட்டே போச்சுன்னாதான் இந்த கிட்டுக்கு வேலை.

பம்ப் டெஸ்ட் வண்டி ஆறி இருக்கும்போதுதான் பண்ணணும், சூட்டுல மூடிய தொடவே தொடாதீங்க. மூடில 7 பி.எஸ்.ஐ (அழுத்த அளவு) போட்டிருந்தா 7 வரைக்கும் மட்டும் அடிங்க, புது கார் வீடியோவ பாத்துட்டு 15 அடிச்சா பழைய பித்தளை ரேடியேட்டர் ஈயப்பத்து விட்டுரும். இங்கதான் எனக்கு கடுப்பு, கேஜ் 35 வரைக்கும் இருக்கு, 7ங்கிறது ஒரு மூலைல கிடக்கு, முள்ளு இறங்குதா இல்லையான்னு கண்ண சுருக்கி பாக்கணும். எனக்கு இறங்கல, ஸோ ஹோஸ், வாட்டர் பம்ப், கோர் எதுலயும் லீக் இல்ல.

நீல திரவம்தான் கிட்லயே உருப்படியான ஐட்டம். இன்ஜின் சூடாகி ஓடிட்டு இருக்கும்போது ரேடியேட்டர் வாயில குழாய வச்சு ரப்பர் பல்ப அமுக்கி உள்ள இருக்க காத்த இழுக்கணும், எரிஞ்ச புகை கலந்திருந்தா அதுல உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாகும். முன்னாடியே, வண்டி ஆறி இருக்கும்போதே மூடிய கழட்டி தண்ணி மட்டத்த கொஞ்சம் இறக்கி வைங்க, கூலண்ட் உள்ள ஏறிட்டா திரவம் வேஸ்ட். எனக்கு நீலம் நீலமாவே இருந்துச்சு, ஹெட்டை இறக்குற செலவு அங்கயே மிச்சம். பிரீமியர் பத்மினி காருக்கு அலுமினிய ஹெட், ஒரு தடவ நல்லா ஹீட் ஆனாலே வளைய சான்ஸ் அதிகம், அவங்க முதல்ல இந்த டெஸ்ட்டதான் பண்ணணும்.

அப்ப கோளாறு எங்க? மூடிய தனியா அடாப்டர்ல மாட்டி பாத்தா 7லதான் திறக்குது, மூடியும் ஓகே. கடைசில மூடி ரப்பர்ல கிரீஸ் தடவி மாட்டி கழட்டினா கழுத்துக்கு உள்ள அந்த ரப்பர் உக்கார வேண்டிய சீட்ல கிரீஸ் படவே இல்ல. ரேடியேட்டர் கழுத்து ஆழம் ஒரு இன்ச், கடைல குடுத்த மூடி முக்கால் இன்ச் ஆழத்துக்கானது, மேல இறுக்கமா உக்காந்த மாதிரி தெரியும், உள்ள அழுத்தமே நிக்காது. சரியா மூடினா 110 டிகிரிக்கு மேலதான் கொதிக்க வேண்டிய தண்ணி 100லயே கொதிச்சு வெளிய போயிட்டு இருந்துச்சு. நீள மூடி போட்டேன், நின்னுருச்சு. இந்த ஆழ விஷயம் கிட் புக்லெட்ல ஒரு வரி கூட இல்ல, அடாப்டர்லயும் ஆழமான கழுத்துக்கு பொருந்துறது ஒண்ணே ஒண்ணுதான்.

இன்னொன்னு, கோர் உள்ள உப்பு அடைச்சிருக்கா, பேன் பெல்ட் வழுக்குதா, இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் வர நேரம்) பின்தங்கி இருக்கா, இதெல்லாம் இந்த கிட் சொல்லாது. டிராபிக்ல மட்டும் ஹீட் ஆனா பேன் பக்கம் பாருங்க, ஹைவேல வேகமா போகும்போது ஹீட் ஆனா கோர் அடைப்பு பக்கம் பாருங்க, அதுக்கு கிட் வாங்க வேணாம்.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். வாங்குறவங்க கழுத்து ஆழத்த ஸ்கேல் வச்சு அளந்துட்டு அடாப்டர் லிஸ்ட பாத்து ஆர்டர் போடுங்க, நீல திரவம் மட்டும் தனியாவும் கிடைக்குது.