வெள்ளை லைட் நல்லம், மஞ்சள்தான் பிரச்சினை: மூன்று வருட அனுபவம்

மச்சான் ஒருவர் புது பைக் எடுத்திருக்கிறார். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு எங்கள் பக்கமும் புது வண்டிகள் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. "நீ முன்னுக்குப் பூட்டியிருக்கிற வெள்ளை லைட் எங்க எடுத்த? நல்லமா?" என்று போனில் கேட்டார். நல்லம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. போன கிழமைதான் அதில் பாதியை வெட்டி எறிந்தேன்.

என் வண்டி பழைய டிஸ்கவர், இந்திய பைக். வீடு மட்டக்களப்பில் கல்லடி. வேலைக்குப் பாலம் கடந்து டவுனுக்குப் போவேன். வெள்ளாமைக் காலத்தில் காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்கு, வயல் வட்டை பார்க்கப் போவேன். 2022 ஆரம்பத்தில் டவுனில் ஒரு கடையில் இந்த லைட்டை ஒரு சோடி வாங்கினேன். பெயர் எதுவும் இல்லாத சாமான். விரல் அகலத்தில் வளைகிற சிலிக்கன் பட்டி. சாதாரணமாக வெள்ளையாக எரியும், சிக்னல் போட்டால் வெள்ளை அணைந்து அதே பட்டி மஞ்சளாக மின்னும்.

வாங்கியதற்குக் காரணம் இருந்தது. மாரியில் காலை ஆறு மணிக்கு மழை மூட்டத்துக்குள் கறுப்பு பைக்கில் கறுப்பு மழைக்கோட்டோடு போகிறவனை யாருக்குத் தெரியும்? பகலில் ஹெட் லைட்டைப் போட்டு ஓடிப் பார்த்தேன். எதிரே வருகிற எல்லோரும் கையைத் தூக்கி விரலை விரித்து மூடிக் காட்டினார்கள், லைட் எரியுதாம். இந்தியாவில் 2017 ஏப்ரலில் இருந்து புது பைக்குகளில் ஹெட் லைட்டை அணைக்கவே முடியாது. என் வண்டி அதற்கு முந்தியது, சுவிட்ச் இருக்கிறது. கை காட்டுகிறவர்கள் நல்ல மனதோடுதான் காட்டுகிறார்கள் என்றாலும், ஒரு பயணத்தில் பத்துப் பேருக்குத் தலையாட்டிக்கொண்டு ஓட முடியவில்லை. இந்தப் பட்டியைப் பூட்டிய நாளில் இருந்து ஒருவரும் கை காட்டவில்லை.

வெள்ளை லைட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மண்முனையில் முன்பு 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். 2014இல் பாலம் வந்தது, இப்போது எல்லோருக்கும் வேகம். அந்த ரோட்டில் பெட்டி பூட்டிய உழவு மெஷின் வயலுக்குள் இருந்து சடாரென்று ஏறும். லைட் பூட்டிய பிறகு அவர்கள் வரம்பிலேயே நிறுத்தி என்னை விட்டுவிட்டு ஏறுவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ரோட்டுக் கரையில் நிற்கிற வயசானவர்கள் ஒரு காலை இறக்கிவிட்டுத் திரும்ப எடுப்பார்கள். அதைப் பார்க்கும்போது போட்ட காசு அப்போதே வந்துவிட்டது என்று நினைப்பேன். (இரவில் தாரில் படுத்துக் கிடக்கிற மாட்டுக்கு எந்த லைட்டும் உதவாது. அதற்கு வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும்.)

பூட்டும்போது வந்த சின்னத் தொல்லை ஒன்று: இதோடு பழைய சிக்னல் பல்புகளையும் எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போட்டேன். உடனே சிக்னல் படபடவென்று அடித்தது. சிக்னலை மின்ன வைக்கிற பழைய பிளாஷர் பத்து வாட்ஸ் பல்பு இரண்டுக்கு ஏற்றது. கரண்ட் குறைந்தால் பல்பு ஒன்று போய்விட்டது என்று அது வேகமாக மின்னிக் காட்டும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்னினால்தான் அது சிக்னல். எல்.ஈ.டி.க்கு உரிய பிளாஷர் மாற்றியதும் சரியானது.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான். முதல் மாரி முடிந்ததும் வலப்பக்கப் பட்டியில் வெள்ளை அணைவது நின்றுவிட்டது. சிக்னல் போட்டால் வெள்ளையும் எரியும், மஞ்சளும் மின்னும். கிட்ட நின்று பார்த்தால் மஞ்சள் தெரியும். இருபது முப்பது அடி தள்ளிப் பார்த்தால் ஏதோ வெளிறிய வெள்ளை லேசாக நடுங்குவது போலத்தான் இருக்கும். வெயிலில் அதுவும் இல்லை. புதுக் கார்களில் கவனித்திருப்பீர்கள், சிக்னல் போட்ட பக்கத்து வெள்ளை லைட் அணையும் அல்லது மங்கும். சும்மா அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. பக்கத்தில் பிரகாசமான வெள்ளை இருந்தால் கண் மஞ்சளைப் பிடிக்காது.

எனக்கு இது விளங்கியது மண்முனைப் பாலத்துக்கு வலப்பக்கம் கிறுகுகிற (திரும்புகிற) சந்தியில். பின்னால் மகள். சிக்னல் போட்டு, நடு ரோட்டில் வேகத்தைக் குறைத்துக் கிறுக, எதிரே கல்முனைப் பக்கமிருந்து வந்த பஸ் பிரேக் அடித்த சத்தத்தில் மகள் என் சட்டையைப் பிடித்த பிடி இப்போதும் நினைவிருக்கிறது. சாரதி இறங்கி வந்தார். ஏசுவார் என்று நின்றேன். அவர் வண்டியின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க சிக்னல் போட்டிருக்கீங்கதான். ஆனா எனக்கு நேரே வாற மாதிரித்தான் விளங்கினது. வெள்ளைதான் தெரிஞ்சது."

கராஜில் பட்டியைப் பிளந்தோம். நுனியில் ஒட்டியிருந்த மூடி விலகி, செம்புக் கோடு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். உப்புக் காற்று எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டே இருக்கும். வேறொரு சோடி போட்டேன். அது அடுத்த மாரியைக் கூடத் தாண்டவில்லை. பிறகு கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஐந்து கால் ரிலே என்கிற கரண்ட் சுவிட்ச் ஒன்றை வைத்து மஞ்சள் வரும்போது வெள்ளையை வெட்டிப் பார்த்தார். மஞ்சள் அணைகிற இடைவெளியில் வெள்ளை திரும்ப வந்தது. வெள்ளை, மஞ்சள், வெள்ளை, மஞ்சள் என்று கோயில் சோடனை லைட் போல மின்னியது. பார்க்கிறவருக்கு இவன் கிறுகப் போகிறான் என்று எப்படி விளங்கும்? அன்றே கழற்றச் சொன்னேன்.

இப்போது பட்டியின் மஞ்சள் வயரை வெட்டி, நுனியைச் சுற்றிக் கட்டியாயிற்று. வெள்ளை மட்டும் ஹெட் லைட்டுக்குக் கீழே எரிகிறது. சிக்னலுக்குப் பழைய பத்து வாட்ஸ் பல்பும் பழைய பிளாஷரும் திரும்ப வந்துவிட்டன, இரண்டு பக்கமும் கை நீட்டியது போலத் தள்ளி நிற்கின்றன. டக் டக் சத்தமும் வந்துவிட்டது.

சரி, மச்சானுக்கு என்ன சொல்வது? மூன்று வருடம் என்னை ரோட்டில் காட்டிய லைட் இது, இன்றைக்கும் என் வண்டியில்தான் இருக்கிறது. ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன். நேரே போகிறவனைக் காட்டிவிட்டு, கிறுகுகிற நேரத்தில் மறைக்கிற சாமானுக்கு என் வாயால் நல்லம் சொல்ல மனம் வரவில்லை. அப்படியும் ஆசையென்றால், பூட்டிய அன்றே நடுப்பகலில் வண்டியை முற்றத்தில் நிறுத்தி, வலது சிக்னலைப் போட்டுவிட்டு, ஐம்பது அடி தள்ளி நின்று பார்க்கட்டும். அப்புறம் ஒரு மாரி போன பிறகு இன்னொரு தடவை பார்க்கட்டும்.